யான் கார்பரெக்: யாரோடு சேர்ந்தபோது நன்றாக வாசித்தார்?

வடகடல் எழுதியது:

இங்கே ஜாஸ் என்றாலே பேச்சு நியூயார்க்கில் தொடங்கி நியூயார்க்கிலேயே முடிந்துவிடுகிறது. மைல்ஸ், கோல்ட்ரேன், மாங்க் பற்றிய இழைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. நார்வேயின் யான் கார்பரெக்குக்கு ஓர் இழை கூட இல்லை. ஐரோப்பிய ஜாஸ் தன் காலில் நிற்கத் தொடங்கியதில் அவருடைய சாக்சபோனுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைப்பவன் நான். அதனால் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பிறந்தது 1947 மார்ச் 4, மீசன் என்ற சிறிய ஊரில். அப்பா போலந்துக்காரர், போர்க்கைதியாக நார்வேக்கு வந்து சேர்ந்தவர். அம்மா நார்வே விவசாயக் குடும்பத்துப் பெண். ஓஸ்லோவில் வளர்ந்த பையனுக்கு ஏழு வயது வரை எந்த நாட்டின் குடியுரிமையும் கிடையாது. 14 வயதில் வானொலியில் அமெரிக்க சாக்சபோன் மேதை கோல்ட்ரேன் வாசிப்பைக் கேட்டார். கையில் சாக்சபோன் வருவதற்கு முன்பே புத்தகத்தைப் பார்த்து விரல் வைக்கும் முறையைப் பழக ஆரம்பித்துவிட்டார். 1962ல் அமெச்சூர் ஜாஸ் போட்டியில் வென்றார். 1965ல் நார்வேயின் மோல்டே ஜாஸ் விழாவில் ஜார்ஜ் ரஸ்ஸல் அவரைக் கவனித்தார். ரஸ்ஸல் அப்போது ஸ்காண்டிநேவியாவில் தங்கியிருந்த அமெரிக்க இசையமைப்பாளர். லிடியன் ஸ்கேலை அடிப்படையாக வைத்து ஜாஸுக்கென்று ஓர் இசைக் கோட்பாட்டையே உருவாக்கியவர். 18 வயதுப் பையன் நேராக அவருடைய குழுவுக்குள் போனார்.

அப்புறம் மியூனிக்கில் மான்ஃப்ரெட் ஐஷர். அவர் 1969ல் தொடங்கிய இ.சி.எம் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1970 செப்டம்பரில் ஓஸ்லோவில் பதிவான 'ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட்' கார்பரெக்கின் வாழ்க்கைக்குப் பாதை போட்டது. கிட்டாரில் டெர்யே ரிப்டால், பாஸில் ஆரில்ட் ஆண்டர்சன், டிரம்ஸில் யோன் கிறிஸ்டென்சன். நாலு பேரும் இருபதுகளில் இருந்தவர்கள். அன்றிலிருந்து கார்பரெக் தன் பெயரில் வெளியிட்டதெல்லாம் அநேகமாக இந்த ஒரே நிறுவனத்தில்தான்.

இனி என் கருத்து. கார்பரெக்கின் தொனி ஒன்றே ஒன்றுதான். எந்த நாட்டு இசைக்காரரோடு உட்கார்ந்தாலும் அவர் அவராகவேதான் வாசிப்பார். அப்படியானால் ஒவ்வொரு ஆல்பத்தின் தரத்தையும் தீர்மானிப்பவர் எதிரே இருப்பவர். எதிரே இருப்பவர் தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் வாசித்தபோதெல்லாம் கார்பரெக் உயரத்துக்குப் போகிறார். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டபோது அழகாக மட்டும் இருக்கிறார். அமெரிக்கப் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுடனான நால்வர் குழு முதல் வகைக்கு உச்சம் என்பேன். 'பிலாங்கிங்' ஆல்பத்தை 1974 ஏப்ரலில் இரண்டே நாளில் பதிவு செய்தார்கள். இன்றைக்கும் அதில் ஒரு சொட்டுத் தூசி கிடையாது.

உங்கள் பட்டியலைச் சொல்லுங்கள். ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


சிற்றலை எழுதியது:

எனக்கு 'ஒஃபீசியம்' ஒன்றுதான் தெரியும். தேவாலயப் பாட்டும் சாக்சபோனும் சேர்ந்தது. இரவில் அதைக் கேட்டுத்தான் தூங்குகிறேன் என்று சொல்லும் நண்பர்கள் பலர். ஆனால் அது ஜாஸா? ஸ்விங் இல்லை, ப்ளூஸ் இல்லை, டிரம்ஸே இல்லை. கேட்கப் பிடிக்கிறது, எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இரவுவானொலி எழுதியது:

வடகடல், இழைக்கு நன்றி. ஆனால் உங்கள் உச்சத்துக்கு நான் இரண்டு வருஷம் முன்னாலேயே போய்விடுவேன்.

'ட்ரிப்டிகான்', 1972 நவம்பர். மூன்றே பேர்: கார்பரெக், ஆரில்ட் ஆண்டர்சன், ஃபின்லாந்தின் டிரம்ஸ் கலைஞர் எட்வர்ட் வேசலா. 'ஒஃபீசியம்' கேட்டுத் தூங்குகிறவர்கள் இதைப் போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். சாக்சபோன் கிழிகிறது, கரகரக்கிறது, சில இடங்களில் மூச்சு மட்டும் வருகிறது. அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லரை நன்றாக உள்வாங்கிய ஒருவரின் வாசிப்பு. கடைசியில் 'ப்ரூரெமார்ஷ்' என்று ஒரு பழைய நார்வே கல்யாண ஊர்வல மெட்டு வருகிறது. அதையும் அதே ஆவேசத்தோடு வாசிக்கிறார்கள். நாட்டுப்புற மெட்டு அங்கே அலங்காரமாக இல்லை, ரத்தமும் சதையுமாக இருக்கிறது.

என் குறை எண்பதுகளின் நடுவிலிருந்து தொடங்குகிறது. ஓஸ்லோவில் ஒலிப்பதிவாளர் யான் எரிக் கொங்ஸ்ஹாவ்கின் ரெயின்போ ஸ்டுடியோ 1984ல் வந்தது. அவர் மேதை, சந்தேகமே இல்லை. இ.சி.எம் ஒலி என்று உலகம் சொல்வதில் பாதி அவர் கைவேலை. ஆனால் அந்த எதிரொலிக்குள் கார்பரெக் போய் உட்கார்ந்த பிறகு ஒரு நீண்ட சுரம், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு நீண்ட சுரம் என்று ஆகிவிட்டது. எதிரொலியே பாதி வேலையைச் செய்துவிடுவதால் வாசிப்பவர் தன்னை வருத்திக்கொள்ளத் தேவையில்லாமல் போகிறது. பின்னணியில் சிந்தசைசர் விரிந்து கிடக்கிறது. 1972ல் இருந்த ஆபத்து அங்கே இல்லை.

நல்ல கலைஞர் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொண்டார் என்பது எனக்கு வருத்தம்தான்.


பஞ்சமம் எழுதியது:

நான் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன். கார்பரெக்கிடம் வந்தது வயலின் எல். ஷங்கர் வழியாக. அதனால் அந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

ஷங்கரின் பின்னணி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 1950ல் சென்னையில் பிறந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தார், குடும்பமும் அங்கேதான் இருந்தது. 1958 கலவரத்துக்குப் பிறகு சென்னைக்கே திரும்பினார்கள். அண்ணன்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு ஷக்தி குழுவில் வாசித்த பிறகு ஷங்கர் இ.சி.எம் பக்கம் வந்தார். அங்கே 1980ல் பதிவான 'ஹூஸ் டு நோ' ஆல்பத்தில் மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபலா ஜாகிர் உசேன். அந்த நிறுவனத்துக்குள் நம் இசை தலை நிமிர்ந்து நுழைந்த ஆல்பம் அது.

கார்பரெக்கோடு அவர் செய்தவை இரண்டு முக்கியம். 1983ல் 'விஷன்', அதில் டென்மார்க்கின் பாலே மிக்கல்போர்க் டிரம்பெட் வாசிக்கிறார். 1984 செப்டம்பரில் பதிவான 'சாங் ஃபார் எவ்ரிஒன்'. இதில் ஜாகிரும் ட்ரிலோக் குர்துவும் தாள வாத்தியங்கள். ஷங்கர் வாசிப்பது இரண்டு கழுத்துள்ள பத்துத் தந்தி வயலின். மேல் ஸ்தாயியிலிருந்து பாஸ் வரை ஒரே ஆள் போய்வர முடியும்.

கர்நாடகக் காதோடு கேட்டால் முதலில் ஒரு ஏமாற்றம் வரும். ஷங்கர் ஒரு சுரத்தை அசைத்து, வளைத்து, பக்கத்துச் சுரங்களைத் தொட்டுவிட்டு வருகிறார். கார்பரெக் அந்தக் கமகத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை. சுரத்தைக் கீழிருந்து ஒரு ஜாருவில், அதாவது வழுக்கலில், பிடித்து நேராக நிறுத்திவிடுகிறார். ரொம்ப நாள் இதை நான் போதாமை என்றே நினைத்திருந்தேன். இப்போது அதைத் தேர்வு என்று பார்க்கிறேன். அவருடைய பலம் கார்வை. ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது, எங்கே அதன் கனத்தைக் கூட்டுவது, எங்கே விடுவது என்பதில் அவருக்கு இருக்கும் பொறுமை பெரிய நாதஸ்வர வித்வான்களிடம் நான் கேட்டது. கமகத்தைப் பாதி கற்றுக்கொண்டு ஷங்கருக்குப் பக்கத்தில் வாசித்திருந்தால் அது நகலாகப் போயிருக்கும். நேராக நிற்கும் சுரத்தைச் சுற்றி வயலின் கொடிபோலப் படர்வதால்தான் இரண்டும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன.

ஆல்பத்தில் குறை இல்லாமல் இல்லை. அந்த டிரம் மெஷின் ஏன்? ஜாகிரையும் குர்துவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு இயந்திரத்தைத் தாளம் போட விடுவதா? அந்தக் காலத்து மோகம்.

ஆனால் 'பேப்பர் நட்' என்ற ஷங்கரின் மெட்டைக் கேளுங்கள். கார்பரெக் அதை விடவே இல்லை. 2007 அக்டோபரில் ஜெர்மனியின் டிரெஸ்டனில் நடந்த கச்சேரி 'டிரெஸ்டன்' என்ற பெயரில் 2009ல் வந்ததே, அவர் குழுவின் முதல் நேரடிக் கச்சேரி ஆல்பம், அது தொடங்குவதே 'பேப்பர் நட்' வைத்துத்தான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு தமிழ் வயலின்காரரின் மெட்டில் கச்சேரியைத் திறக்கிறார் என்றால் அந்தக் கூட்டணி அவருக்குள் எவ்வளவு தங்கியிருக்க வேண்டும்!


வடகடல் எழுதியது:

பஞ்சமம் ஐயா, கார்வை பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். இத்தனை வருஷம் நான் தேடிக்கொண்டிருந்த விளக்கம் அது.

இரவுவானொலி, 'ட்ரிப்டிகான்' பற்றி உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் ஆவேசம் ஒன்றுதான் ஆபத்து என்று வைத்துக்கொள்ள வேண்டாம். 'பிலாங்கிங்' எடுத்துக்கொள்ளுங்கள். ஜாரெட் அந்த மெட்டுகளை இந்த நாலு பேருக்காகவே எழுதினார்: கார்பரெக், ஸ்வீடனின் பாஸ் கலைஞர் பாலே டேனியல்சன், கிறிஸ்டென்சன், அவர். 'தி வைண்ட்அப்' என்ற பாட்டில் முன்னும் பின்னும் திருப்பிப் போட்ட தாளம். ஒரு இடத்தில் கவனம் தப்பினால் மொத்தமும் கவிழ்ந்துவிடும். அதில் கார்பரெக் துள்ளுகிறார், சிரிக்கிறார். அவரைப் பனிக்கட்டி என்கிறவர்கள் இந்த ஒரு பாட்டைக் கேட்டதில்லை.

கிறிஸ்டென்சனையும் சொல்லியாக வேண்டும். அவர் தாளத்தை எண்ணிக் காட்டுவதே இல்லை. சிம்பலில் அங்கங்கே தொட்டுவிட்டுப் போவார், ஆனாலும் காலப்பிரமாணம் எங்கே என்று நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அமெரிக்க டிரம்ஸ் வாசிப்பில் இரண்டாவது, நாலாவது அடியில் விழும் அழுத்தம் இங்கே இல்லை. அதனால் கார்பரெக்குக்கு வாக்கியத்தை எங்கே வேண்டுமானாலும் தொடங்கும் சுதந்திரம் கிடைத்தது. கார்பரெக்கின் பாணி என்று நாம் சொல்வதில் கிறிஸ்டென்சனின் பங்கு எவ்வளவு என்பதை யாரும் சரியாக எழுதவில்லை என்பது என் ஆதங்கம். 2020 பிப்ரவரியில் அவர் இறந்தபோது இந்தியப் பத்திரிகைகளில் ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

இந்த ஆல்பத்துக்கு இன்னொரு கதை உண்டு. 1980ல் அமெரிக்க ராக் குழுவான ஸ்டீலி டானின் 'காச்சோ' பாட்டு வந்தது. அதன் தொடக்கம் 'பிலாங்கிங்' ஆல்பத்தில் உள்ள ஒரு பாட்டை ஒட்டியே இருந்தது. விஷயம் பெரிதாகி, ஜாரெட்டின் பெயரையும் பாட்டின் ஆசிரியராகச் சேர்த்தார்கள். 2025ல் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் தன் குழுவோடு 'பிலாங்கிங்' முழுவதையும் மறுபடி வாசித்து ப்ளூ நோட் நிறுவனம் வழியாக வெளியிட்டார். நியூ ஆர்லியன்ஸ் மரபில் வந்த சாக்சபோன்காரர் ஒருவர் ஓஸ்லோவில் பிறந்த ஆல்பத்தைத் தன் மேடைக்கு எடுத்துக்கொள்கிறார். சிற்றலை, உங்கள் 'இது ஜாஸா' கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

ஜாரெட்டின் அந்த நால்வர் குழு ஐந்தாண்டுதான் நிலைத்தது. 1977 நவம்பரில் 'மை சாங்', 1979ல் டோக்கியோ, நியூயார்க் கச்சேரிகள், அத்தோடு சரி. அந்த டோக்கியோ இரவுகளில் ஒன்றை 'ஸ்லீப்பர்' என்ற பெயரில் 2012ல்தான் வெளியிட்டார்கள். முப்பத்துமூன்று வருஷம் அலமாரியில் கிடந்திருக்கிறது அந்தப் பதிவு!


மருதம் எழுதியது:

தேவாலயப் பாடகர் குழுவில் பல ஆண்டு ஆல்ட்டோ, அதாவது தாழ்ந்த பெண்குரல், பாடியவள் நான். 'ஒஃபீசியம்' பற்றி உள்ளேயிருந்து சொல்கிறேன்.

1993 செப்டம்பர், ஆஸ்திரியாவில் மலைப்பகுதியில் இருக்கும் சங்க்ட் கெரோல்ட் மடாலயம். இங்கிலாந்தின் ஹில்லியர்ட் குழுவில் நாலு ஆண் குரல்கள். 1974லிருந்து பழைய தேவாலய இசை பாடி வந்தவர்கள். கார்பரெக்கையும் இவர்களையும் ஒன்றாகக் கொண்டுவந்தது ஐஷரின் யோசனை. ஆல்பம் 1994ல் வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இப்படி ஒரு விற்பனையை அவர்களில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் காரணம் எழுத்திலேயே இருக்கிறது. முதல் பாட்டு 'பார்செ மிஹி தோமினே', 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் கிறிஸ்தோபல் தெ மொராலெஸ் எழுதியது. வரிகள் யோபு ஆகமத்திலிருந்து, இறந்தவர்களுக்கான வழிபாட்டில் பாடுவது. நாலு குரலும் ஒரே சமயத்தில் ஒரே எழுத்தைச் சொல்லி, மெதுவாக ஒரு கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) அடுத்ததற்கு நகர்கின்றன. குரல்கள் ஒன்றை ஒன்று துரத்தும் பல்லிசை இல்லை. அதனால் மேலே ஐந்தாவது குரலுக்கு இடம் காலியாக இருக்கிறது. கார்பரெக் சாக்சபோன் வித்தை காட்டுகிறவராக வரவில்லை, அந்த ஐந்தாவது பாடகராக வருகிறார். வாக்கியம் முடியும்போது பாடகர் மூச்சு விடும் இடத்திலேயே அவரும் விடுகிறார். அதே பாட்டு ஆல்பத்தில் மூன்று முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் கார்பரெக் எவ்வளவு வாசிக்கிறார், எங்கே ஒதுங்குகிறார் என்று ஒப்பிட்டுக் கேளுங்கள், நான் சொல்வது புரியும்.

ஆனால் எல்லா இடத்திலும் இது பொருந்தவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இடைக்கால இசையமைப்பாளர் பெரோத்தினின் 'பெயாத்தா விஸ்செரா' ஒற்றை மெட்டாக எழுதப்பட்ட பாட்டு. அதன் அழகே அது தனியாக நிற்பதில் இருக்கிறது. அங்கே சாக்சபோன் எனக்குத் தேவைப்படவில்லை.

இரவுவானொலி, எதிரொலி பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒரு பதில். ஸ்டுடியோவில் செய்யும் எதிரொலி வேறு, கல் சுவருக்குள் எழும் எதிரொலி வேறு. மடாலயத்தில் பாடும்போது நாம் விட்ட சுரம் திரும்பி வந்து நம் அடுத்த சுரத்தோடு கலக்கும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். அங்கே எதிரொலி சோம்பேறியாக்காது, கவனத்தைக் கூட்டும்.

2010ல் வந்த 'ஒஃபீசியம் நோவும்' ஆல்பத்தை மக்கள் அதிகம் பேசுவதில்லை. அதில் ஆர்மீனியாவின் கொமிதாஸ் தொகுத்து அமைத்த தேவாலய இசை வருகிறது. என் காதுக்கு அதுவே இன்னும் ஆழமானது. ஆர்மீனிய மெட்டுகளிலேயே ஒரு நீண்ட இழுப்பு இருப்பதால் கார்பரெக் அங்கே விருந்தாளி மாதிரி இல்லை. ஹில்லியர்ட் குழு 2014 இறுதியில் கலைந்தது. அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெல்லின்சோனாவில் அவர்கள் ஐந்து பேரும் சேர்ந்து செய்த கச்சேரி 2019ல் வெளியானது.


கோடையிடி எழுதியது:

நல்ல பேச்சு. ஒரு விஷயம் மட்டும் விடுபட்டுப் போகிறது. கார்பரெக் யாருடைய இசையை எடுக்கிறார், எப்படி எடுக்கிறார்?

நார்வேயின் வடக்கே சாமி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய யொய்க் பாட்டை நெடுங்காலம் பாவம் என்று சொல்லி அடக்கினார்கள். பள்ளிகளில் அவர்கள் மொழியைப் பேச விடவில்லை. எழுபதுகளின் கடைசியில் ஆல்ட்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து நடந்த போராட்டத்துக்குப் பிறகுதான் தென் பகுதி நார்வே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. இந்தப் பின்னணியில் 1988ல் கார்பரெக் ஒரு யொய்க் மெட்டை எடுத்து 'லெஜண்ட் ஆஃப் தி செவன் ட்ரீம்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டாக வாசித்தபோது, தெற்கிலிருந்து வந்த ஒருவர் இதை எடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது.

அவர் அடுத்து செய்ததைப் பார்த்த பிறகு எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. 1990ல் 'ஐ டுக் அப் தி ரூன்ஸ்'. முதல் பாட்டு சாமிப் பாடகி மாரி பொய்னேயின் 'குலா குலா', பெயர் போட்டு, அவருடைய பாட்டாகவே. அதே ஆல்பத்தில் யொய்க் பாடுவதற்கு சாமிப் பாடகர் ஒருவரையே அழைத்துப் பாட வைத்தார். 'ட்வெல்வ் மூன்ஸ்' ஆல்பத்தில் மாரி பொய்னே நேரில் வந்து பாடினார். மெட்டை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் வழக்கம் இதில் இல்லை.

டெலிமார்க் பகுதியின் நாட்டுப்புறப் பாடகி ஆக்னஸ் புவேன் கார்னோஸோடு செய்த 'ரூசென்ஸ்ஃபோலே'யும் இதே பாதைதான். இடைக்காலக் கதைப் பாடல்கள். பாடகிதான் நடுவில், கார்பரெக் சுற்றிலும் தாளமும் கீபோர்டும் வைத்துக் கட்டுகிறார். பல இடங்களில் சாக்சபோனையே தொடவில்லை. வடகடல் சொன்ன 'எல்லோரும் அவருக்கு வழிவிடுகிறார்கள்' என்பது இங்கே தலைகீழ்.

நாட்டுப்புற இசையின் பக்கம் அவரைத் திருப்பியதில் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் டான் செர்ரிக்குப் பெரிய பங்கு உண்டு. அறுபதுகளில் ஓஸ்லோ வந்த செர்ரி, உங்கள் ஊர்ப் பாட்டை ஏன் வாசிக்கக் கூடாது என்ற எண்ணத்தை அந்த இளைஞர்களுக்குள் விதைத்தார்.


பஞ்சமம் எழுதியது:

கோடையிடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'ராகாஸ் அண்ட் சாகாஸ்', 1990 மே மாதப் பதிவு. பாகிஸ்தானின் பட்டியாலா கரானாப் பாடகர் உஸ்தாத் ஃபதே அலி கான், தபலா ஷௌகத் உசேன், சாரங்கி நாஜிம் அலி. உஸ்தாத் ராகத்தை விரிக்கும்போது கார்பரெக் பெரும்பாலும் காத்திருக்கிறார். இடையில் வரும்போது ராகத்தின் சுரங்களுக்குள்ளேயே நின்று, இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு விலகுகிறார். நன்றாகக் கேட்கத் தெரிந்தவர் மட்டும் செய்யக்கூடியது.

அதில் பாடும் இன்னொரு குரல் தீபிகா, அப்போது சிறுமி, ஓஸ்லோவில் பிறந்தவர். பின்னாளில் தீயா கான் என்ற பெயரில் ஆவணப்படங்கள் எடுத்து எம்மி விருது வாங்கியவர் அவர்தான்.


இரவுவானொலி எழுதியது:

மருதம் அக்கா, கல் சுவர் விளக்கம் அருமை. அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறேன். என் குறை ஸ்டுடியோ ஆல்பங்கள் மேல்தான், அது அப்படியே நிற்கிறது. 'விசிபிள் வேர்ல்ட்', 'ரைட்ஸ்' இரண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டேன். மெட்டுகள் நன்றாக இருக்கின்றன, வாசிப்பில் எதிர்ப்பு இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1976ல் பதிவான 'டிஸ்' இதே அமைதியில் உள்ள ஆல்பம்தான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நார்வேக் கடற்கரையில் காற்று அடித்து ஒலிக்கும் யாழ் ஒன்றை வைத்து அந்த ஓசையைப் பதிவு செய்து, அதன் மேல் கார்பரெக்கும் ரால்ஃப் டௌனரின் கிட்டாரும். காற்றுக்கு யாரும் தாளம் சொல்ல முடியாது. அது எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று தெரியாமல் வாசிக்க வேண்டியிருக்கிறது. எதிரே இருப்பது காற்றானாலும் அது விட்டுக்கொடுக்கவில்லை. வடகடலின் கணக்குக்கும் இது சரியாக வருகிறது.


சிற்றலை எழுதியது:

இவ்வளவு பெயர்களைக் கேட்டுத் தலை சுற்றுகிறது. 'ஒஃபீசியம்' மட்டும் தெரிந்த ஒருவர் அடுத்து எதை எடுக்க வேண்டும்? நாலைந்து போதும்.


வடகடல் எழுதியது:

சிற்றலை, 'மை சாங்' எடுங்கள். மெட்டு உடனே பிடித்துவிடும், அங்கிருந்து 'பிலாங்கிங்' தானாக வரும்.

அடுத்து 'மேஜிக்கோ'. 1979ல் ஓஸ்லோவில் மூன்று பேர்: கார்பரெக், அமெரிக்க பாஸ் கலைஞர் சார்லி ஹேடன், பிரேசிலின் எக்பெர்ட்டோ ஜிஸ்மொன்ட்டி. ஜிஸ்மொன்ட்டி கிட்டாரும் பியானோவும் வாசிப்பார். டிரம்ஸ் இல்லை. ஹேடன் குறைவாகத்தான் வாசிப்பார், ஆனால் அவர் போடும் ஒவ்வொரு சுரத்திலும் ஒரு கனம் இருக்கும், மற்ற இருவரும் அதன் மேல் தைரியமாகக் கால் வைக்கலாம். மூன்று கண்டத்து ஆட்கள் சேர்ந்து வாசித்தும் யாருடைய ஊரும் கரைந்துபோகாத ஆல்பம் இது.

தூங்குவதற்கு முன் கேட்பதென்றால் கிரேக்க இசையமைப்பாளர் எலெனி கரெய்ந்த்ரூவின் படப் பாடல்கள். இயக்குநர் ஆங்கெலொபௌலோஸ் 1986ல் எடுத்த தேனீ வளர்ப்பவர் பற்றிய படத்துக்கு கார்பரெக் வாசித்தார். கரெய்ந்த்ரூவின் மெட்டுகள் சின்னவை, திரும்பத் திரும்ப வருபவை. கார்பரெக் அவற்றை மாற்றுவதே இல்லை, ஒவ்வொரு முறையும் தொனியை மட்டும் கொஞ்சம் அழுத்துகிறார். அதற்கே மனசு கனத்துப்போகும்.

பஞ்சமம் ஐயா சொன்ன 'சாங் ஃபார் எவ்ரிஒன்' கட்டாயம். கடைசியாக, கொஞ்சம் பழகிய பிறகு, 'ட்ரிப்டிகான்'. பகலில் கேளுங்கள்.


இரவுவானொலி எழுதியது:

யாரும் சொல்லாத ஒருவர் இருக்கிறார். எபர்ஹார்ட் வேபர்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்காரர். நிமிர்த்தி வைத்து வாசிக்கும் ஐந்து தந்தி எலக்ட்ரிக் பாஸ். ஜாரெட் ஐந்தாண்டு, ஹில்லியர்ட் குழு இருபதாண்டு. வேபரோ 1978ல் பதிவான ஆல்பத்திலிருந்தே கூட இருந்தவர். 2007 ஏப்ரலில் பெர்லினில் கார்பரெக் குழுவோடு கச்சேரிக்குப் போயிருந்தபோது வேபருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை செயலிழந்தது. அதன் பிறகு அவர் பாஸ் வாசிக்கவில்லை. பஞ்சமம் சொன்ன டிரெஸ்டன் கச்சேரியில் அதே ஆண்டு அக்டோபரில் அவர் இடத்தில் வாசித்தவர் பிரேசிலின் யூரி டேனியல்.

கார்பரெக் கச்சேரிகளில் ஒவ்வொரு இரவும் வேபருக்குத் தனி வாசிப்பு இருந்தது. 1990 முதல் 2007 வரை அவை பதிவாகி இருந்தன. வாசிக்க முடியாமல் போன வேபர் அந்தத் தனி வாசிப்புகளை எடுத்து, வெட்டி ஒட்டி, கீபோர்டு சேர்த்துப் புதிய ஆல்பங்களாக்கினார். 2012ல் 'ரெசுமே', 2015ல் 'ஆன்கோர்'. பல துண்டுகளுக்கு அந்த வாசிப்பு நடந்த ஊர்ப் பெயர்தான் தலைப்பு. 'ரெசுமே'யில் சில இடங்களில் கார்பரெக் புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கிறார். 2015 ஜனவரியில் வேபரின் 75 வயதை ஒட்டி ஸ்டுட்கார்ட்டில் பெரிய கச்சேரி நடந்தபோதும் கார்பரெக் மேடையில் இருந்தார். அமெரிக்க கிட்டார் கலைஞர் பாட் மெத்தெனி அதற்காகவே ஒரு நீண்ட படைப்பு எழுதி, திரையில் ஓடிய வேபரின் பழைய வாசிப்போடு சேர்த்து நிகழ்த்தினார்.

எண்பதுகளுக்குப் பிறகான கார்பரெக் மேல் எனக்கு இருக்கும் குறையை மேலே எழுதிவிட்டேன். அந்தக் குறையெல்லாம் வேபர் தனியாக வாசிக்கும் அந்த ஐந்து நிமிடங்களுக்குப் பொருந்தாது. தன் பெயரில் நடக்கும் கச்சேரியில், மேடை முழுவதையும் ஒவ்வொரு இரவும் ஒரு பாஸ்காரருக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கும் சாக்சபோன்காரர்கள் எத்தனை பேர்? 'ரெசுமே' கேளுங்கள், 'டிரெஸ்டன்' முடித்த கையோடு. வேபர் இருந்தபோது அந்தக் குழு எப்படி ஒலித்தது, போன பிறகு எப்படி மாறியது என்பது அடுத்தடுத்துக் கேட்டால்தான் தெரியும்.